ஆலா முட்டையும் என் அன்னக்கூடையும்

அமுதாவுக்கு உன் அம்மா எழுதுவது. கண்ணு, இது நீளக் கடிதம். நின்றுகொண்டே படிக்காதே, ஒரு நாற்காலி போட்டுக்கொள். வந்திருக்கிற விருந்தாளிகளையும் மணலில் உட்காரச் சொல், துணி அழுக்காகாது. சனிக்கிழமை மறுபடியும் கூடாரம் போடுகிறோம், நீயும் இரண்டு வார்த்தை பேசணும் என்று நீ போனில் சொன்ன நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் மைக்கைப் பிடித்தால் என் பேச்சு மீன் விலைக்குப் போய்விடும், அது உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன், எனக்குப் பதிலாக நீ எல்லாருக்கும் படித்துக் காட்டு. அஞ்சாவது வரைக்கும் படித்த கையெழுத்துதான், நிதானமாகப் படித்தால் விளங்கும். உறையை ஒட்டிப் பேத்தி யாழினியிடம் கொடுத்து, எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் அம்மா கையில் தரணும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். முன்னாலேயே உன்னிடம் கிடைத்தால் நீ ஒரு பக்கத்தை விட்டுவிட்டுப் படிப்பாய். அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் இந்தக் கடிதமே.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், அதை அடக்கி வைக்க என்னால் ஆகாது. வனத்துறைக் கடிதம் வந்த அன்று மார்க்கெட்டில் வியாபாரமே பண்ணவில்லை நான். கூடையில் கானாங்கெளுத்தி கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறது, நான் வருகிற போகிறவர்களிடம் எல்லாம் என் மகளுக்கு அனுமதி வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இறால் விற்கிற குப்பம்மா, "இன்னா, உன் பொண்ணு கலெக்டராயிட்டாளா?" என்று கேட்டாள். "கலெக்டர் பங்களாவுல தூங்குவாரு. என் பொண்ணு ஊரையே மணல்ல தூங்க வெக்கிறா" என்றேன். திருவொற்றியூரிலிருந்து வீடு திரும்பும்போது பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடமும் சொன்னேன். அவள் பாவம், ஏதோ துக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், ஆனாலும் சிரித்துவிட்டாள்.

உனக்கு ஏழு வயசு இருக்கும். உங்க நைனா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, முகத்துவாரத்துக்கு வடக்கே இருக்கிற இதே மணல்திட்டுக்கு வந்தார். நானும் கூட வந்தேன். ஆலாப் பறவை என்றால் அவருக்குக் கூட்டாளி மாதிரி. கடலில் ஆலா எங்கே கூட்டமாக விழுந்து எழுகிறதோ அங்கே படகைத் திருப்புவார், வலை காலியாக வந்ததில்லை. உன்னைக் கீழே இறக்கினதும் நீ ஓட ஆரம்பித்தாய். அவர் ஒரே எட்டில் உன் இரண்டு தோளையும் பிடித்து, ஊன்றின கம்பு மாதிரி நிறுத்தினார். "அசையாத. கால எங்க வெக்கிறன்னு பாரு" என்றார். நீ பார்த்தாய், நானும் பார்த்தேன், மணலும் சிப்பி உடைசலும்தான் தெரிந்தது. அவர் குனிந்து விரலை நீட்டின பிறகுதான் கண்ணுக்குப் பட்டது. உன் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி இரண்டு முட்டை. மணல் நிறம், மேலே மிளகுத்தூளைத் தூவினது மாதிரி புள்ளி. குச்சி இல்லை, புல் இல்லை, உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி, அவ்வளவுதான். "இதுக்கு வூடு இல்லியா நைனா?" என்று கேட்டாய். "இதான் வூடு. நம்மதான் அது வூட்டுக்குள்ள பூந்து நின்னுகினு கீறோம்" என்றார்.

பிறகு உன்னைத் தூக்கவில்லை அவர். வந்த காலடித் தடத்திலேயே கால் வைத்து பின்னால் நடக்கச் சொன்னார். உன் தடத்தில் நீ, அவர் தடத்தில் அவர், என் தடத்தில் நான், மூன்று பேரும் நண்டு மாதிரி பின்னுக்கு நடந்து சவுக்குத் தோப்புக்கு வந்து சேர்ந்தோம். நாம் தள்ளிப் போன பிறகு தாய் ஆலா தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்கார்ந்தது. அது ஈரத்தோடு உட்காராவிட்டால் இந்த மணல் சூட்டில் முட்டை வெந்துவிடும் என்று அவர் சொன்னார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ தரையைப் பார்த்தேதான் நடந்தாய், மின்சாரக் கம்பத்தில் முட்டிக்கொண்டு நெற்றி புடைத்தது. அந்தப் புடைப்பு அடங்கிவிட்டது, பழக்கம் அடங்கவில்லை.

துறைமுகத்துக் கண்டெய்னர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் போடப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது நான் பேசினதை நீ மறந்திருக்க மாட்டாய். "வூடு கீறவன் எவண்டி காசு குட்த்து மணல்ல படுப்பான்? நம்ம படுத்தா மட்டும் போக்கிடம் இல்லன்றானுங்க" என்று கத்தினேன். மூன்று நாள் உனக்குச் சோறு போட்டேன், பேச்சுப் போடவில்லை. அது என் முதல் தப்பு, அதை நீ அப்போதே மன்னித்துவிட்டாய். முதல் வாரமே ஆட்கள் வந்தார்கள். அடையாறு, அண்ணா நகர் என்று எங்கெங்கிருந்தோ வந்து, எண்ணூரில் இப்படி ஒரு இடமா என்று வாயைப் பிளந்தார்கள். நம் பக்கத்தைப் புகையும் சாம்பலுமாகத்தான் கேள்விப்பட்டிருந்தார்கள் போல. நட்சத்திரம் பார்க்கணும், அந்தப் பக்கத்துத் துறைமுக விளக்கைக் கொஞ்சம் அணைக்கச் சொல்ல முடியுமா என்று ஒருவர் கேட்டாரே, நீ முகத்தை அசைக்காமல், "சொல்லி அனுப்பறேன் சார், நீங்க சாப்ட்டுகினு இருங்க" என்றாய். நான் அடுப்பு முன்னால் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

வனத்துறை ரேஞ்சர் அம்மாவோடு நீ அன்றைக்கு வாதாடினதையும் நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். ஆளே வராமல் விட்டால்தான் பறவைக்கு நல்லது என்றார் அவர். யாருமே பார்க்காத மணலை நாளைக்கு ஒருவன் வந்து சாம்பலைக் கொட்டி மூடினால், வேண்டாம் என்று சொல்ல யார் வருவார்கள் என்று கேட்டாய் நீ. பார்க்க வருகிறவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், காலுக்குக் கீழே பார்க்க மாட்டார்கள் என்றார் அவர். அப்படியானால் முதல் வேலையாக அவர்களைக் கீழே பார்க்க வைக்கிறேன் என்றாய். இரண்டு பேரும் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. கூடாரமெல்லாம் தோப்புப் பக்கம், திட்டில் கயிறு, ஒவ்வொரு முட்டைக் குழிக்கும் கொஞ்சம் தள்ளி ஒரு மூங்கில் குச்சி, வருகிறவர்கள் ஒரே வரிசையில் ஒருத்தர் தடத்தில் ஒருத்தர் நடக்கணும். உங்க நைனா உயிரோடு இருந்திருந்தால் அந்த வரிசையைப் பார்த்தே பசியாறியிருப்பார்.

இனி வருவதுதான் நீ விட்டுவிட்டுப் படிக்கக்கூடிய பக்கம். விடாதே. முன்வரிசையில் ரேஞ்சர் அம்மா இருப்பார், அவருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படி.

இரண்டு வருஷத்துக்கு முந்தின சித்திரை. லீவு நாள், தோப்பு நிறைய ஆள். கல்மண்டபம் ஏரியாவில் பந்தல் கடை வைத்திருக்கிற அன்வர் பாயின் கித்தான் கூடாரங்கள். அவர் மாதிரி இந்த மணலில் கூடாரம் நிறுத்த ஆள் கிடையாது. முளை அடித்தால் மணலில் நிற்காது, தரையும் பாழ் என்று, சிமெண்டு மூட்டைப் பையில் மணலை நிரப்பிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டுவார். போகும்போது மணலைக் கொட்டிவிட்டுப் பையை எடுத்துப் போவார், அங்கே ஆள் தங்கினதே தெரியாது. அவர் கூடவே அவர் நாய் ராணி வரும். சமையல் என்னுடையது. நாற்பது வருஷமாக மீன் ஆய்கிற கை, அருவாமனையைத் தண்ணீர் ஓரம் போட்டு உட்கார்ந்து மடவையும் சங்கராவும் ஆய்வேன். குடலும் செவுளும் அன்னக்கூடையில் சேரும். சேர்ந்ததைக் கொண்டுபோய் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று திட்டு மேல் வீசுவேன். ஆலாவுக்குப் போடுகிறேன் என்றுதான் வீசினேன் கண்ணு. உங்க நைனாவுக்கு மீன் காட்டின பறவை, அது பிள்ளை பெற்றிருக்கிற நேரத்தில் நம் கையால் ஒரு வாய் கொடுப்போம் என்று நினைத்தேன். என் கையை ஆலாவுக்குத் தெரியும் என்று விருந்தாளிகளிடம் பெருமையும் அடித்தேன்.

வந்தது காக்கா. முதல் நாள் நாலு, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. குடல் தீர்ந்த பிறகும் அவை போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்து, டீ போட அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் காக்காக்கள் தலையைக் குனிந்து குனிந்து கொத்திக்கொண்டிருந்தன. நேற்று வீசினதில் மிச்சம் போல என்று முதலில் நினைத்தேன். ஒன்று தலையைத் தூக்கிற்று, அலகில் மஞ்சள் ஒட்டியிருந்தது. ஆலாக்கள் மேலே கத்திக்கொண்டு சுற்றின. நான் கையைத் தட்டி விரட்டுவதற்குள் முடிந்துவிட்டது. பதினாலு குச்சி ஊன்றியிருந்தாய் நீ. பதினாலு குழியிலும் ஓட்டுத் துண்டுதான் கிடந்தது.

நீ வந்தாய், ரேஞ்சர் அம்மா வந்தார், விருந்தாளிகள் பல் தேய்த்தபடி வந்து நின்றார்கள். காக்காக்கள் போன பிறகு, ராணி கயிற்றைத் தாண்டிப் போய் மணலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. நீ அதைப் பார்த்தாய், அவ்வளவுதான். இருபது பேர் நடுவில் அன்வர் பாயைப் பார்த்துச் சொன்னாய்: "நாய இட்டாந்து அத்தனையும் துன்ன வுட்டுட்டியே. இனிமே இந்த மணல்ல நீ கால் வெக்காத." அதற்கு முன்னால் அவரைப் 'பாய் மாமா' என்றுதான் கூப்பிடுவாய், வாங்க போங்க தவிர வேறு பேசினதில்லை. அவர் என்னைத்தான் பார்த்தார். ராணி ராத்திரி முழுக்க என் அடுப்புப் பக்கத்தில் படுத்திருந்ததை நான் சொல்வேன் என்று பார்த்திருப்பார். நான் அன்னக்கூடையை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றேன். கூடாரம் நடத்துகிறவளின் அம்மாவே செய்த வேலை என்று ரேஞ்சர் அம்மா முன்னால் தெரிந்தால் உன் அனுமதி போய்விடும் என்று பயந்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனுமதி எப்படியும் அன்று சாயங்காலமே நின்றுபோயிற்று. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். என் கையை ஆலாவுக்குத் தெரியும் என்று சொன்ன வாயால் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. அவர் பைகளைத் தோண்டி மணலைக் கொட்டி, ஒன்றுகூட விடாமல் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் ரேஞ்சர் அம்மா நம் குப்பத்துக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார், ஆலா செத்த மீனைத் தொடாதாம், தண்ணீரில் குதித்துத் தானே பிடித்தால்தான் தின்னுமாம். நாற்பது வருஷம் பார்த்திருக்கிறேன், ஒரு ஆலாகூட என் கூடைக்கு வந்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மறுநாள் மூடி போட்ட பழைய பெயிண்ட் டப்பா ஒன்று வாங்கினேன். நான் ஆய்கிற மீனின் கழிவு அதற்குள், டப்பா என்னோடு வீட்டுக்கு, முருங்கை மரத்தடியில் குழி. பிறகு குப்பம்மாவிடம் சொன்னேன், பிறகு கரையில் மீன் ஆய்கிற பெண்கள் எல்லாரிடமும் சொன்னேன். நாறுகிறதைத் தலையில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறாளே, கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். "என் புத்தி பிசகுனது போன சித்திரையில. இப்பதான் நேரா கீது" என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொருத்தியாக டப்பா வாங்கினார்கள், முருங்கை காய்த்த காய்ப்பைப் பார்த்துத்தான் என்று வைத்துக்கொள்.

இந்த வருஷச் சித்திரையில் யாழினியும் நானும் தோப்பு ஓரம் உட்கார்ந்தோம், திட்டுப் பக்கம் போகவில்லை. காக்கா இரண்டு மூன்றுதான். அவள் உன் பைனாகுலரை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவள், திடீரென்று என் கையைக் கிள்ளி, "ஆயா, மணலு நடக்குது" என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குஞ்சு, கால் இருப்பதே தெரியவில்லை, உருண்டு உருண்டு போகிறது. நின்றால் மணல், நடந்தால் குஞ்சு. பிறகு இன்னொன்று. தாய் ஒரு குட்டி மீனைக் கொண்டுவந்து கொடுக்கிறது, உயிரோடு துடிக்கிறது மீன். அறுபத்தெட்டு வயசில் நான் குதித்தேன் கண்ணு, யாழினிதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். அதை ரேஞ்சர் அம்மாவும் வந்து பார்த்தார். அதனால்தான் இந்த அனுமதி. சித்திரை, வைகாசி, ஆனியில் யாரும் வரக்கூடாது, குளிர் மாசத்தில் மட்டும் தோப்பில் கூடாரம் என்று நீயே எழுதிக் கொடுத்தாய். லீவு மாசத்துக் கூட்டத்தை நீயாக விட்டுக்கொடுத்ததை மார்க்கெட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வந்த ஆட்களை விரட்டாமலும், பறவையை விரட்டாமலும் ஒரு வழி கண்டுபிடித்தாயே, அதற்குப் படிப்பு மட்டும் போதாது.

ஆனால் வாசலில் நீ ஒரு பலகை வைத்திருக்கிறாய். நாய்க்கு அனுமதி இல்லை என்று போட்டு, ஏன் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அன்வர் பாயின் நாய்க் கதையைச் சொல்கிறாய். பலகை சரிதான், அதை எடுக்காதே, நாய் வந்தால் ஆலா பயந்து எழுந்துவிடும். கதைதான் பொய். அதற்கு மேலே முதல் வரியாக, சமைக்கிறவர்கள் மீன் கழிவை இங்கே வீசக்கூடாது என்று எழுது. ஏன் என்று கேட்டால் என்னைக் கைகாட்டு.

வியாழக்கிழமை நான் கல்மண்டபத்துக்குப் போனேன். அன்வர் பாய் தாடி நரைத்துப்போய்க் கித்தான் தைத்துக்கொண்டிருந்தார். "இன்னாக்கா, வயி மாறி வந்துட்டியா?" என்றார். நான் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியைக் கீழே வைக்கவில்லை அவர், ஆனால் தைக்கவும் இல்லை. கடைசியில், "எனக்குத் தெரியும்னு நென்ச்சியா? தெரியாதுக்கா. ரெண்டு வருசமா இந்த நாயத்தான் நான் திட்டிகினு கீறேன்" என்றார். மேஜைக்கு அடியில் ராணி படுத்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். "இங்க கேக்காத. இங்க எனக்கு இன்னா கெட்டுது? அங்க இருபது பேர் முன்னாடி கேட்டேன் அந்தப் பேச்ச. அங்கயே போயி சொல்லு, பாப்பா வாயால நான் கேக்கணும்" என்றார். பாப்பா என்றது உன்னைத்தான், இன்னும் அப்படித்தான் சொல்கிறார். வந்த தடத்திலேயே கால் வைத்துப் பின்னால் நடக்கச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அதனால்தான் உன்னை இத்தனை பேர் முன்னால் படிக்க வைக்கிறேன். உனக்குச் சங்கடமாக இருக்கும். நீ கண்ணால் பார்த்ததை வைத்துச் சொன்னாய், காக்காவைப் பார்த்த நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. இனி நான் சமைக்க வேண்டாம் என்று நீயோ ரேஞ்சர் அம்மாவோ சொன்னால் கரண்டியை வைத்துவிடுவேன், முகம் சுளிக்க மாட்டேன். சமை என்றால் டப்பா தயாராக இருக்கிறது, மூடியோடு.

இப்போது தலையைத் தூக்கிச் சவுக்குத் தோப்பு ஓரம் பார். தார்ப்பாய் போட்ட குட்டி லாரி ஒன்று நிற்கும். நீ ஆன்லைனில் வாங்கின அந்த மெல்லிசுக் கூடாரங்கள் மார்கழிக் காற்றுக்கு நிற்காது என்று உனக்கே தெரியும். லாரிக்குள் கித்தான் கூடாரங்கள் இருக்கின்றன. அன்வர் பாய் கீழே இறங்கியிருக்க மாட்டார், படித்து முடிக்கிற வரைக்கும் மணலில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லித்தான் வர ஒப்புக்கொண்டார். ராணி முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும், பலகையை அதற்கு நான் படித்துக் காட்டியிருக்கிறேன். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போ. எப்போதும் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடு. மைக்குப் பக்கத்தில் என்னைத் தேடாதே. நான் லாரிக்குப் பின்னால் காலிப் பைகளோடு நிற்கிறேன், மணல் நிரப்ப ஆள் வேண்டுமாம்.